காரணம் என்னும் கட்டம்

பல்கலைக்கழக வாகனப் பிரிவின் பழுது அறிக்கைப் படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது பழுதின் விவரம், இரண்டாவது காரணம், மூன்றாவது பொறுப்பு. விவரத்திற்கு நான்கு வரிகள் விட்டிருக்கிறார்கள், காரணத்திற்கு ஒரே வரி. படிவத்தை வடிவமைத்தவருக்கு வண்டிகளைப் பற்றித் தெரிந்திருந்ததோ இல்லையோ, அலுவலகங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு வரியில் அடங்கும் காரணம் பெரும்பாலும் ஒரு மனிதரின் பெயராகவே இருக்கும். அந்த மனிதர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியராக இருப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, செப்டம்பர் மாதக் கடைசி வாரத்தில், இமாசலத்தின் லாஹௌல் பகுதியில் உள்ள கோக்சர் என்ற சிற்றூரின் சோதனைச் சாவடிக்கருகே ஒரு பழைய மாருதி ஜிப்ஸி நின்றுபோயிற்று. வண்டியில் பனியாற்றியல் ஆய்வாளர் ஒருவர், அவருக்கு உதவியாக வந்த இளநிலை மாணவர் இருவர், ஓட்டுநர் ஆக நால்வர். பின்பக்கம் கூடாரங்கள், நீராவித் துளைப்பான், மூங்கில் குச்சிகள், அளவு நாடாக்கள். சந்திரா ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில் ஒரு பனியாற்றின் மீது முந்தைய ஆண்டு நட்டுவந்த குச்சிகளை அளப்பதற்கான பயணம் அது. குச்சி எவ்வளவு வெளியே தெரிகிறதோ அவ்வளவு பனி அந்தக் கோடையில் உருகியிருக்கிறது. முறை இவ்வளவு எளிது. ஆனால் உருகும் பருவம் முடிந்து புதுப்பனி விழுவதற்குள் அளந்தாக வேண்டும். அந்த இடைவெளி சில நாட்களே. ஓராண்டுக் கணக்கு தவறினால் அதை மறு ஆண்டு சென்று மீட்க வழியில்லை.

கோக்சரில் தேநீருக்காக நிறுத்தியபோது ஓட்டுநர் இரண்டாவது நெம்புகோலைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இரு கைகளாலும் இழுத்தார், அப்போதும் அசையவில்லை. வண்டியின் வயிற்றுப் பகுதியிலிருந்து எண்ணெய் கருகும் வாடை வந்தது. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபோது தார்ச்சாலையில் பத்தடிக்கு ஒன்றாகக் கரும்பொட்டுகள் தெரிந்தன. கடைசி சில கிலோமீட்டர்களாக இருக்கைக்கு அடியில் ஒரு முனகல் கேட்டுக்கொண்டிருந்தது அனைவருக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆய்வாளர் செய்த முதல் காரியம், துறையின் வாகனப் பொறுப்பாளருக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பியது. “டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது. ஓட்டுநர் வண்டியைச் சரியாகக் கவனிக்கவில்லை.” இரண்டே வாக்கியங்கள். பதிலும் உடனே வந்தது: “அறிக்கையில் அப்படியே எழுதுங்கள். செலவை அவர் ஊதியத்தில் பிடித்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது.” வண்டியின் அடியில் ஒருமுறை குனிந்துகூடப் பார்க்காமல் எழுதப்பட்ட வாக்கியங்கள் அவை. சான்றில்லாமல் ஒரு வரி எழுதிவிட்டால் ஆய்வேட்டு நெறியாளரிடம் என்ன கேட்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். கோக்சரில், குளிரிலும் சினத்திலும், அது நினைவுக்கு வரவில்லை.

மாணவர் இருவரும் கருவிகளோடு பாத்தல் நோக்கிப் போன ஒரு சரக்கு லாரியில் ஏறிக்கொண்டனர். ஐந்தாம் நாள் மாலைக்குள் வண்டி பாத்தலுக்கு வந்து அவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. வண்டி ஆய்வாளரின் கையெழுத்தில் எடுக்கப்பட்டதால் அவர் அதை விட்டு நகர முடியவில்லை. ஓட்டுநர் யாரிடமும் எதுவும் பேசாமல் ஓர் எண்ணை அழைத்தார். கேலாங்கில் ஒரு மிஸ்திரி இருக்கிறார், ராணுவப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேருந்தில் வருகிறார் என்றார்.

பிற்பகல் பேருந்தில் அவர் வந்து இறங்கினார். அறுபதைக் கடந்த, மெலிந்த மனிதர். ஒரு கையில் தகரப் பெட்டி, மறு கையில் இரண்டு லிட்டர் கியர் எண்ணெய். வண்டியைப் பார்த்ததும் அடியில் நுழைவார் என்று ஆய்வாளர் எதிர்பார்த்தார். அவரோ தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்து கேள்விகளைத் தொடங்கினார். கடைசியாக நெம்புகோல் எளிதாக நகர்ந்தது எப்போது? முனகல் முதலில் வந்ததா, இறுக்கம் முதலில் வந்ததா? நின்றிருக்கும்போது சத்தம் உண்டா? அண்மையில் இந்த வண்டியில் எதையெல்லாம் மாற்றினீர்கள்? கடைசிக் கேள்விக்கு ஓட்டுநர் சொன்னார்: “பின் டயர் இரண்டும் புதியவை, உஸ்தாத். ஆகஸ்டில் போட்டார்கள். நான்கு கேட்டேன், இரண்டுக்குத்தான் அனுமதி வந்தது.” மிஸ்திரி எழுந்து போய் முன் டயரில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தார், பின் டயரிலும் பார்த்தார். பிறகு ஆய்வாளரிடம் திரும்பி, “நாலு சக்கர ஓட்டத்தில் எங்கிருந்து வருகிறீர்கள், பேட்டி?” என்றார்.

மணாலியிலிருந்து.

அந்தப் பதிலின் பொருள் விளங்க வேண்டுமானால் இந்தப் பெட்டி செய்யும் வேலையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1985-இல் இந்தியச் சாலைகளுக்கு வந்த ஜிப்ஸியில் எஞ்சினுக்குப் பின்னால் கியர்பெட்டி; அதிலிருந்து ஒரு குட்டையான சுழல்தண்டு; அதன் முனையில், சட்டத்தில் ரப்பர் தாங்கிகளால் தனியாகத் தொங்கவிடப்பட்ட இன்னொரு இரும்புப் பெட்டி. அதுவே டிரான்ஸ்ஃபர் கேஸ். அதிலிருந்து ஒரு தண்டு பின் அச்சுக்கும் ஒரு தண்டு முன் அச்சுக்கும் போகின்றன. பின் தண்டு எப்போதும் சுழலும். முன் தண்டை இணைப்பதும் விடுவிப்பதும் உள்ளே நகரும் ஒரு பற்குழல். தமிழில் இதற்குப் பகிர்வுப்பெட்டி என்று பெயரிட்டால் பாதிதான் பொருந்தும். ஏனெனில் இந்த வகைப் பெட்டி பகிர்வதைவிடப் பிணைப்பதையே அதிகம் செய்கிறது. நான்கு சக்கர ஓட்டத்தில் முன் தண்டும் பின் தண்டும் ஒரே வேகத்தில் சுழலுமாறு பூட்டப்பட்டுவிடுகின்றன. 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரைப் போல நிலையான நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டிகளில் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு டிஃபரென்ஷியல் இருந்து, வேக வேறுபாட்டை விழுங்கிவிடும். ஜிப்ஸியில் அது கிடையாது.

வண்டி வளையும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் செல்கின்றன. ஜிப்ஸியின் இரு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் 2375 மில்லிமீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவில் பின் அச்சின் மையம் 5 மீட்டர் ஆரத்தில் சென்றால் முன் அச்சின் மையம் ஏறத்தாழ 5.5 மீட்டர் ஆரத்தில் செல்லும். பத்து விழுக்காடு கூடுதல் தூரம். ஆனால் தண்டுகள் பூட்டப்பட்டிருக்கின்றன. முன் சக்கரம் கூடுதலாகச் சுழல முடியாது. மணலிலும் சேற்றிலும் பனியிலும் சக்கரம் சற்று வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். உலர்ந்த தாரில் டயர் எளிதில் வழுக்காது. அப்போது அந்த வேறுபாடு தண்டுகளில் முறுக்காகச் சேர்கிறது. பற்குழலின் பற்கள் அந்த முறுக்கின் அழுத்தத்தில் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. நெம்புகோலை எவ்வளவு இழுத்தாலும் வராது. பொருள் எதுவும் உடையாமலேயே வண்டி உடைந்ததுபோலத் தோன்றும் நிலை இது.

மிஸ்திரி மூன்று சக்கரங்களுக்குக் கல் வைத்துத் தடுத்தார். இடது முன் சக்கரத்துக்கு அருகே ஜாக்கியைப் பொருத்தி மெல்ல ஏற்றினார். டயர் தரையை விட்டு விலகிய கணத்தில், யாரும் தொடாமலே, சக்கரம் ‘டக்’ என்ற ஒலியோடு தானாகச் சற்றுத் திரும்பி நின்றது. அவர் ஜன்னல் வழியே கையை நீட்டி இரண்டு விரல்களால் நெம்புகோலைத் தள்ளினார். அது இரண்டு சக்கர நிலைக்குப் போய் அமர்ந்தது.

ஓட்டுநர் அப்போதுதான் வாயைத் திறந்தார். “சொன்னேனே, மேடம். காடி ஜகட் ரஹீ ஹை என்று சொன்னேனே.”

சொல்லியிருந்தார். சுரங்கப்பாதையைக் கடந்து வெளியே வந்ததும் ஒருமுறை, சற்றுத் தூரம் கடந்து இன்னொரு முறை. விடுதியிலும் சந்தையிலும் கற்ற இந்தியில் ‘ஜகட்’ என்ற சொல் ஆய்வாளருக்கு அறிமுகமாகியிருக்கவில்லை. வண்டி இறுகுகிறது என்று ஒரு மனிதர் இருமுறை எச்சரித்ததை, ஏற்றத்தைப் பற்றிய வழக்கமான முணுமுணுப்பு என்று அவர் எடுத்துக்கொண்டார். சொல் புரியாதபோது கேட்டிருக்கலாம். பனிமொழிகளில் பனிக்கு எத்தனை சொற்கள் என்று கருத்தரங்குகளில் வியக்கும் துறையில் இருப்பவர், பக்கத்து இருக்கையிலிருந்து வந்த ஒரு வினைச்சொல்லின் பொருளைக் கேட்கவில்லை. நான்கு சக்கர ஓட்டத்தைப் போடச் சொன்னதும் அவரே. அன்று விடியலில் தூறல் இருந்தது, மேலே சாலையில் உறைபனி இருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். மணாலியிலேயே போட்டுவிடுங்கள், இறக்கும்வரை எடுக்க வேண்டாம் என்று கட்டளையிட்டிருந்தார். மேலே சாலை காய்ந்து கிடந்தது. 9 கிலோமீட்டர் நீளமான அடல் சுரங்கத்தின் உள்ளே உறைபனிக்கு வாய்ப்பே இல்லை.

டயர்களின் கணக்கை ஆய்வாளர் தாமே போட்டார்; அளவு நாடா ஒன்று கையில் இருந்தது. முன் டயரிலும் பின் டயரிலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, வண்டியைத் தள்ளி, ஐந்து முழுச் சுற்றுக்கு ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போகிறது என்று தரையில் அளந்தனர். வேறுபாடு 18 சென்டிமீட்டர். சிறிய எண்தான். ஒரு கிலோமீட்டருக்கு விரித்தால், தேய்ந்த முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட ஏறத்தாழ 9 சுற்றுகள் அதிகம் சுழல விரும்புகிறது. மணாலியிலிருந்து கோக்சர் வரை 40 கிலோமீட்டருக்கு மேல் என்றால் 350 சுற்றுகளுக்குக் குறையாது. இது நேர்ச்சாலையின் கணக்கு, வளைவுகளைச் சேர்க்கவில்லை. தண்டுகள் சில பாகை அளவுக்குத்தான் முறுகிக்கொடுக்கும். மீதி முழுவதையும் டயர்கள் சாலையில் உரசி உரசித் தீர்த்திருக்கின்றன. அந்த உரசலின் சுமையை வழிநெடுகத் தாங்கியவை பெட்டிக்குள் இருக்கும் பேரிங்குகள். அதாவது நேராகப் போகும்போதுகூட வண்டி தன்னோடு தானே மல்லுக்கு நின்றபடி மலையேறியிருக்கிறது.

இறுக்கம் தீர்ந்தது. முனகல் தீரவில்லை. இரண்டு சக்கர ஓட்டத்தில் நூறடி ஓட்டிப் பார்த்தபோதும் அது இருந்தது. இங்கேதான் மிஸ்திரியின் முறை ஆய்வாளரைக் கட்டிப்போட்டது. பெட்டியைத் திறக்க அவர் அவசரப்படவே இல்லை. எது குற்றமற்றது என்பதை ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டு போனார். முதலில் ஒரே வேகத்தில் கியரை மாற்றி ஓட்டச் சொன்னார். இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் முனகலின் சுருதி மாறவில்லை. அது எஞ்சினின் வேகத்தோடும் போகவில்லை, கியரோடும் போகவில்லை. சாலை வேகத்தோடு போயிற்று. ஆகவே கியர்பெட்டிக்குப் பின்னால் உள்ள ஏதோ ஒன்று. அடுத்து, வண்டியை நிறுத்திக் கைத்தடையை இழுத்து, சக்கரங்களுக்குக் கல் வைத்து, டிரான்ஸ்ஃபர் நெம்புகோலை நியூட்ரலில் விட்டு, கியர்பெட்டியை மூன்றாம் கியரில் போட்டுக் கிளட்சை விடச் சொன்னார். இந்த நிலையில் பெட்டியின் உள்வரும் தண்டும் இடைக்கியர்களும் சுழலும். வெளிச்செல்லும் தண்டு நிற்கும். வண்டி நகராது. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பெட்டியின் உடலில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு சேர்த்து, கண்களை மூடிக்கொண்டு படுத்திருந்தார். இரண்டு மூன்று இடங்களில் மாற்றி ஊன்றினார். எழுந்து, “முன்பாதி நன்றாக இருக்கிறது” என்றார்.

சோதனைகளை இப்படி அடுக்கும் முறைக்கு ஆய்வு முறையியல் பாடத்தில் ஒரு முழு அலகு ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே அது இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை என்பது கற்றவர்களுக்குத் தெரியும்.

மீதி விரைவில் தெரிந்தது. பின் தண்டின் கிராஸ் இணைப்புகளை அசைத்துப் பார்த்தார், தளர்வில்லை. பெட்டியின் பின்வாயில் உள்ள ஃபிளேஞ்சை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடிற்று. சுற்றிலும் எண்ணெய் ஈரம். மட்டம் பார்க்கும் திருகைக் கழற்றி, துளைக்குள் சுண்டுவிரலை விட்டார். சரியான மட்டம் என்றால் எண்ணெய் துளையின் விளிம்பிலேயே நிற்க வேண்டும். விரல் காய்ந்தே வெளியே வந்தது.

எண்ணெய் ஏன் வெளியேறியது என்ற கேள்வி இன்னும் பாக்கி. சீல் பழையது என்று சொல்லி நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மிஸ்திரி பெட்டியின் மேற்பகுதியில் தடவி, பிரீதர் எனப்படும் மூச்சுக்குழலைத் தேடிப்பிடித்தார். ஓட ஓடப் பெட்டி சூடாகும். உள்ளே காற்று விரியும். விரியும் காற்று போக ஒரு வழி வேண்டும். அந்த வழியில் களிமண் கல்லாக இறுகியிருந்தது. ஜூலையில் சாலையைக் கடக்கும் ஓடைகளில் முழங்கால் அளவு நீரில் வண்டி இறங்கி ஏறியபோது சேர்ந்த வண்டல். மேலே வழியில்லாத காற்று சீலின் உதட்டைத் தள்ளியிருக்கிறது; எண்ணெய் கசிந்திருக்கிறது; எண்ணெயற்ற பேரிங்கின் மேல் 40 கிலோமீட்டர் முறுக்கு ஏறியிருக்கிறது. கம்பியால் மண்ணைக் குடைந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து ஆய்வாளரிடம் காட்டினார். ஒரு மிளகின் அளவுகூட இல்லை.

எண்ணெய் ஊற்றிக்கொண்டு, இரண்டு சக்கர ஓட்டத்தில், மாட்டுவண்டி வேகத்தில் கேலாங் போய்ச் சேர்ந்தனர்.

மறுநாள் காலை மிஸ்திரியின் தகரக் கொட்டகையில் பெட்டி இறங்கியது. தண்டுகளைக் கழற்றுமுன் ஒவ்வொரு ஃபிளேஞ்ச் இணைப்பின் குறுக்கேயும் உளியால் ஒரு சிறு கோடு போட்டார். திரும்பப் பூட்டும்போது அதே நிலையில் பொருந்தாவிட்டால் தண்டு அதிரும். பழைய எண்ணெயை அகலத் தட்டில் பிடித்து ஒரு காந்தத்தை அதில் மெல்ல உலவவிட்டார். சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியது. அதனிடையே மீன்செதில் போன்ற மூன்று துணுக்குகள். குழம்பு வயதால் வருவது, செதில் வரக்கூடாது என்றார். பெட்டியைப் பிளந்ததும் பின்வாய்ப் பேரிங்கின் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூடு உடைந்திருப்பது தெரிந்தது. குண்டுகளில் அம்மைத் தழும்புகள். வளையத்தில் சூட்டின் நீலம். கழற்றிய ஒவ்வொன்றும் ஒரு பழைய இந்தி நாளிதழின் மேல், வந்த வரிசையிலேயே, இடமிருந்து வலமாக அடுக்கப்பட்டது. ஊசி உருளைகளை எண்ணி, எண்ணிக்கையை அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதினார். கியர் தெரிவுத் தண்டுகளை உருவும்போது துளையின் வாயில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டார். உள்ளே ஒரு சிறு குண்டும் வில்லும் இருக்கின்றன, விட்டால் பறந்துவிடும். பறந்த குண்டைத் தேடி ராணுவப் பட்டறையில் ஓர் இரவு முழுவதும் தரையைப் பெருக்கிய கதையை அப்போது சொன்னார்.

பற்குழலைத் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். பற்களின் விளிம்பு சற்றே மழுங்கியிருந்தது. முறுக்கில் இருக்கும்போது நெம்புகோலை வலிந்து இழுத்தால் தேய்வது இங்கேதான். இன்னும் பல ஆண்டுகள் ஓடும், ஆனால் இன்னொரு முறை இப்படிச் செய்யாதீர்கள் என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

பேரிங்கின் பக்கத்தில் பொறித்திருந்த எண்ணைப் படித்து மணாலிக்குத் தொலைபேசினார். பேரிங்கும் சீலும் மாலை அரசுப் பேருந்தில் நடத்துநரின் கைப்பையில் வந்தன. 2020 அக்டோபரில் சுரங்கம் திறந்ததற்கு முன்பு என்றால் ரோதாங் கணவாயைச் சுற்றி வர வேண்டும், வந்தால் வந்தது. புதிய பேரிங்கைத் தண்டில் ஏற்ற அவர் சுத்தியலை எடுக்கவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு வாணலி எண்ணெயை வைத்து, அதில் பேரிங்கைத் தொங்கவிட்டார். அடியைத் தொடாமல் பார்த்துக்கொண்டார். எண்ணெய் புகையும்வரை விடக்கூடாது, கை பொறுக்காத சூடு போதும். இடுக்கியால் எடுத்துத் தண்டில் விட்டபோது அது தானாகவே வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது. ஆற ஆற இறுகும். பழைய சீலின் உதடு தண்டில் ஒரு மெல்லிய பள்ளத்தை அறுத்திருந்தது. புதிய சீலை ஒரு மயிரிழை வெளியே தள்ளி, உதடு பள்ளத்தில் விழாமல் புதுப்பரப்பில் படுமாறு அமைத்தார். பெட்டியின் பாதிகளை ஒட்டும் பசையை நூல் அளவுக்கே இட்டார். அதிகம் இட்டால் உள்ளே பிதுங்கிய பசை எண்ணெய் போகும் வழிகளை அடைக்கும்.

இந்த நேரமெல்லாம் ஓட்டுநர் கூடவே குனிந்து வேலை செய்தார். ஆய்வாளர் ஸ்பேனர் எடுத்துக்கொடுத்தார். இருவரும் பேசிக்கொண்டது மிகக் குறைவு. தேநீர் மட்டும் மூன்று முறை பரிமாறப்பட்டது, மூன்று முறையும் ஓட்டுநரே போய் வாங்கிவந்தார்.

இரவு தங்கும் விடுதியில் ஆய்வாளர் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார். காரணத்திற்கான ஒற்றை வரியைப் பார்த்தார். தனித்தாள் ஒன்றை இணைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார். ஒன்று, மூச்சுக்குழல் அடைப்பு. ஜூலைப் பயணத்துக்குப் பிறகு பார்க்கப்படவில்லை. இரண்டு, பின் அச்சுக்கு மட்டும் புதிய டயர். அளவு வேறுபாடும் கணக்கும் இணைப்பு. மூன்றாவதில் பேனா நின்றது. “உலர்ந்த சாலையில் நான்கு சக்கர ஓட்டம்” என்று எழுதினால் அது உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. எழுவாய் இல்லாத இடத்தை அலுவலகம் தன் வசதிக்கேற்ப நிரப்பிக்கொள்ளும், அதுவும் ஏற்கெனவே கைப்பேசியில் கிடக்கும் இரண்டு வாக்கியங்களின் துணையோடு. செயப்பாட்டு வினையை அறிவியல் எழுத்தின் பணிவு என்று கற்பிக்கிறார்கள். அதற்குள் ஒளிந்துகொள்ளவும் முடியும் என்பதை யாரும் கற்பிப்பதில்லை, எல்லோரும் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள். அவர் அந்த வரியை அடித்துவிட்டு, தேதி, தொடக்க இடம், கிலோமீட்டர் அளவு ஆகியவற்றோடு, ஓட்டத்தைப் போடச் சொன்னதும் ஓட்டுநர் இருமுறை எச்சரித்தும் தொடரச் சொன்னதும் தானே என்று எழுதினார். முதல் நாள் அனுப்பிய செய்தி ஆய்வுக்கு முன் எழுதப்பட்டது, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் சேர்த்தார்.

காலையில் அதை ஓட்டுநருக்கு இந்தியில் படித்துக் காட்டினார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, எண்ணெய் மட்டத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டார். மாதத்துக்கு ஒருமுறை அந்தத் திருகைக் கழற்றிப் பார்ப்பது தன் வேலை. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பார்க்கவில்லை. வாகனப் பிரிவில் அடித்தளக் குழி மூடிக் கிடந்தது, படுத்துப் பார்க்க முதுகு ஒத்துழைக்கவில்லை. ஆய்வாளர் சற்று நேரம் பேசவில்லை. ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது என்ற வரி அவர் மட்டுமே அறிந்தது. அதை அப்போது சொன்னார். ஓட்டுநர் தலையை ஆட்டினார். தெரியும் என்றார். குழி மூடிக் கிடந்ததையும் சேர்த்து எழுதுங்கள், மேடம் என்றார். நான்காவது காரணம் அப்படியே எழுதப்பட்டது.

பாகா ஆற்றங்கரையின் கூழாங்கல் பரப்பில் வண்டியை இறக்கி எல்லா நிலைகளிலும் ஓட்டிப் பார்த்தனர். 20 கிலோமீட்டர் ஓடியபின் மிஸ்திரி பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து நிதானமாக எண்ணினார், கை பொறுத்தது. சமதளத்தில் நிறுத்தி மட்டத் திருகைக் கழற்றினார். எண்ணெய் விளிம்பில் தளும்பி ஒரு சொட்டு விழுந்தது. முன் டயர்களை மாற்றும்வரை மண்ணிலும் பனியிலும் தவிர நான்கைத் தொடக்கூடாது, தாரைக் கண்டதும் இரண்டுக்கு வந்துவிட வேண்டும் என்று இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். ரசீது கேட்டபோது நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வாகனப் பிரிவு பின்னர் அந்தத் தாளை ஏற்றுக்கொண்டது. பேருந்து நடத்துநருக்குக் கொடுத்த 100 ரூபாயை மட்டும் ரசீது இல்லை என்று நிராகரித்தது. ஓட்டுநரின் ஊதியத்தில் எதுவும் பிடிக்கவில்லை. முன் டயர்களுக்கான கோப்பு நவம்பரில் நகர்ந்தது. டிசம்பரில் ஒப்பந்தம் மூன்று மாதங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. வழக்கமாக ஓராண்டுக்கு நீட்டிப்பார்கள்.

ஐந்தாம் நாள் காலை கேலாங்கிலிருந்து புறப்பட்டனர். சிஸ்ஸு, கோக்சர், பிறகு ஏற்றம். கிராம்ஃபுவில் மணாலிச் சாலையை விட்டுப் பிரியும் இடத்தில் தார் முடிந்து கல்லும் மண்ணும் தொடங்குகின்றன. ஓட்டுநர் அங்கே வண்டியை நிறுத்தினார். ஆய்வாளரைப் பார்த்தார். அவர் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிச் சாலையைப் பார்த்தார், பிறகு, “இங்கே இறுகாது அல்லவா?” என்று கேட்டார். ‘ஜகட்’ என்ற சொல்லையே பயன்படுத்தினார். உச்சரிப்பு சரியாக வரவில்லை. ஓட்டுநர் சிரித்தபடி நெம்புகோலைத் தள்ளினார். மாலை நான்கு மணிக்குப் பாத்தலின் தேநீர்க் கூடாரத்தின் முன், 11 குச்சிகளின் அளவுகளை எழுதிய குறிப்பேட்டோடு மாணவர் இருவரும் காத்திருந்தனர். குன்ஸும் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.